கேமராவிலேயே சருமத்தை மென்மையாக்கும் செட்டிங்: வீடியோ எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாணம், யூடியூப் பேட்டி, நகைக்கடை விளம்பரம் என்று மனித முகங்களை எடுத்தே பிழைப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், அதை மறைக்கப் போவதில்லை. ஸ்டில் போட்டோவைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை, வீடியோ மட்டும்தான்.

இந்த செட்டிங் எந்தப் பெயரில், எங்கே இருக்கும்?

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். சோனியில் 'சாஃப்ட் ஸ்கின் எஃபெக்ட்'. 2020-இல் வந்த இசட்வி-1 மாதிரியான வ்லாக் கேமராக்கள் மூலம்தான் நம்மவர்களுக்கு அது நன்றாகப் பழக்கமானது; லோ, மிட், ஹை என்று மூன்று நிலை. நிக்கான் இசட்8-இல் 'ஸ்கின் சாஃப்டனிங்', அங்கேயும் மூன்று நிலைதான். கேனான் பவர்ஷாட் வி10-இல் இதற்கென்று தனி மூவி மோடே உண்டு. கேனானின் சி300 போன்ற சினிமா கேமராக்களிலும், தொழில்முறை கேம்கார்டர்கள் பலவற்றிலும் 'ஸ்கின் டீட்டெயில்' என்று ஒன்று இருக்கும். அது கொஞ்சம் வேறு ஜாதி, கீழே சொல்கிறேன். புது கேமரா வாங்கியவுடன் இது ஆஃபில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், முதல் வேலையாக மெனுவில் போய்ப் பாருங்கள்.

உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

இரண்டு வழி இருக்கிறது. இது புரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

பழைய வழி நிறத்தை நம்பியது. வீடியோ கேமராக்கள் படம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று விளிம்புகளில் செயற்கையாகக் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றும், அதைத்தான் 'டீட்டெயில்' என்பார்கள். சேலை ஜரிகைக்கு அது அழகு. முகத்தில் அதே வேலையைச் செய்தால் ஒவ்வொரு துளைக்கும் சுருக்கத்துக்கும் கோடு போட்டுக் காட்டும். அதனால் சரும நிறம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் இந்தக் கூர்மையைக் குறை என்று கேமராவுக்குச் சொல்வதுதான் 'ஸ்கின் டீட்டெயில்'. எந்த நிறம், எவ்வளவு அகலம், எவ்வளவு வெளிச்சம் என்று நாமே குறுக்கிக் கொடுக்கலாம். இதில் ஒரு சிக்கல். மனிதர்களின் சரும நிறம் கறுப்போ வெளுப்போ, வெக்டர்ஸ்கோப்பில் (படத்தின் நிறங்களை ஒரு வட்டத்தில் காட்டும் கருவி) ஏறக்குறைய ஒரே கோட்டின் பக்கத்தில்தான் விழும். அந்தக் கோட்டிலேயே தேக்கு மரமும், சந்தனமும், பித்தளை விளக்கும், காவி பூசிய சுவரும் விழும். ஆகவே முகத்தோடு சேர்ந்து கதவின் மர வரிகளும் மழுங்கிப் போகும்.

புதிய வழி முகத்தைத் தேடுவது. கேமரா முதலில் முகத்தைக் கண்டுபிடிக்கிறது, அதற்குள் சருமம் எது, கண் எது, உதடு எது என்று பிரிக்கிறது, சருமப் பகுதியில் உள்ள நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தட்டையாக்குகிறது. பின்னணியில் தேக்குக் கதவு இருந்தாலும் அதைத் தொடாது. ஆனால் முகத்தைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு.

சரி, போடலாமா கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

எடிட் செய்ய நேரம் இருக்கிற வேலை என்றால் போடாதீர்கள். எடுத்த கையோடு கொடுக்க வேண்டிய வேலை என்றால் 'லோ' போதும், அதற்கு மேல் போகாதீர்கள்.

என் கேமராவில் முகம் கரடுமுரடாகத் தெரிகிறது. சாஃப்ட்னிங் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

முதலில் கேமரா தானாக ஏற்றுகிற ஷார்ப்னஸைக் குறையுங்கள். சருமம் கெட்டுப்போய்த் தெரிகிறது என்று வருகிற புகார்களில் பெரும்பங்கு கேமராவின் மிகைக் கூர்மையால் வருவது, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் சருமம் பாவம் நன்றாகத்தான் இருக்கும். சோனி பிக்சர் ப்ரொஃபைலில் 'டீட்டெயில்' மைனஸ் 7 முதல் பிளஸ் 7 வரை போகும், மைனஸ் பக்கம் இறக்கிப் பாருங்கள். கிரியேட்டிவ் லுக் வைத்து எடுக்கிறவர்கள் அதில் உள்ள ஷார்ப்னஸை இறக்கலாம். கேனானில் பிக்சர் ஸ்டைலுக்குள், பானசோனிக்கில் போட்டோ ஸ்டைலுக்குள் இதே குமிழ் இருக்கிறது. ஒரு தரம் இறக்கிவிட்டுப் பெரிய திரையில் பாருங்கள். கூர்மை வேண்டுமென்றால் எடிட்டில் பிறகு எவ்வளவும் ஏற்றிக்கொள்ளலாம். கேமரா ஏற்கனவே போட்டுவிட்ட கோட்டை அழிப்பதுதான் கஷ்டம்.

கேமராவே ஒரு பக்கம் கூர்மையை ஏற்றி, இன்னொரு பக்கம் சாஃப்ட்னிங் போட்டு அதை மழுக்குவது என்ன கணக்கோ எனக்குப் புரிவதில்லை. ஆனால் பாதிப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லோ, மிட், ஹை: கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் என்ன?

ஒரு மாப்பிள்ளையின் நெற்றியைப் பாருங்கள். மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆஃபில் இருக்கும்போது விபூதி பொடியாகத் தெரியும், விரல் இழுத்த தடமும், பட்டையின் ஓரத்தில் உதிர்ந்த துகளும் உட்பட. லோவில் துளைகள் கொஞ்சம் அடங்கும், விபூதி இன்னும் விபூதியாகத்தான் இருக்கும். மிட்டில் துகள்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும். ஹையில் பார்த்தால் நெற்றியில் யாரோ வெள்ளைப் பெயின்ட் அடித்தது மாதிரி இருக்கும். கேமராவுக்கு விபூதித் துகளும் சருமத் துளையும் ஒன்றுதான், இரண்டுமே அதன் கணக்கில் சின்னச் சின்னப் புள்ளிகள்.

இன்னும் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு நாள் தாடி: ஹையில் அது கன்னத்தில் படிந்த சாம்பல் நிழலாக மாறிவிடும். அடுத்தது மூக்குத்தியைச் சுற்றிய இடம், கல்லின் ஒளி மழுங்கினால் அங்கே ஒரு வெளிறிய வட்டம் வரும். அப்புறம் கழுத்து. முகத்தைத் தேடி வேலை செய்கிற செட்டிங் பல கேமராக்களில் தாடையோடு நின்றுவிடுவதால் முகம் வழவழவென்றும் கழுத்து இயல்பாகவும் இருக்கும். மணப்பெண் கழுத்தில் நகை இருப்பதால் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். மருதாணி போட்ட கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இன்னும் மோசம்.

கல்யாண மண்டபத்தில் ஏன் சில ஷாட்டில் வேலை செய்கிறது, சிலவற்றில் செய்யவில்லை?

முகம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் கேமராவுக்கு எத்தனை முகங்களைப் பின்தொடர முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு; நிக்கான் இசட்8 மூன்று பேர் வரைதான் மென்மையாக்கும். மேடையில் மணமக்கள், இரு பக்கத்துப் பெற்றோர், ஐயர், தோழி, நாத்தனார், நடுவில் மைக்கோடு ஒரு மாமா என்று பத்துப் பேர் நிற்கும்போது கேமரா யாரைத் தேர்ந்தெடுக்கும் என்பது அதற்கே வெளிச்சம். மணப்பெண்ணை விட்டுவிட்டு மாமா முகத்தை மெழுகியிருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே ஷாட்டுக்குள் இது வந்து வந்து போவது. பெண் தலை குனிந்து தாலி கட்டிக்கொள்கிறாள், முகம் பக்கவாட்டில் திரும்புகிறது, நெற்றிச்சுட்டி ஆடுகிறது, மாலை தாடையை மறைக்கிறது, அட்சதை குறுக்கே பறக்கிறது. ஒவ்வொரு முறையும் கேமரா முகத்தை இழந்து மறுபடி பிடிக்கும்போது கன்னத்தின் தன்மை ஒரு கணம் கரடாகி, மறு கணம் வழவழப்பாகும். சின்ன மானிட்டரில் அது தெரியவே தெரியாது. வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கும்போது கன்னம் 'துடிப்பது' அப்பட்டமாகத் தெரியும். முகூர்த்தத்துக்கு ரீடேக் கேட்க முடியாது. ஆகவே தாலி கட்டும் நேரத்தில் கண்டிப்பாக ஆஃப்.

ரிசப்ஷனில் மணமக்கள் இருவரும் நேராக நின்று, வருகிறவர்களோடு போஸ் கொடுக்கிற ஷாட்டுகளில் இது ஓரளவு ஒழுங்காக நடந்துகொள்ளும். வேண்டுமென்றால் அங்கே லோவில் வையுங்கள்.

பதிவான பிறகு எடிட்டிங்கில் இதை எடுத்துவிட முடியுமா?

முடியாது. பதிவாகும்போதே விவரம் போய்விட்டது. மேலே ஷார்ப்னஸ் ஏற்றினால் இல்லாத துளை திரும்பி வராது, கண் இமையும் புருவமும்தான் கம்பி மாதிரி நிற்கும். ஃபிலிம் கிரெய்ன் கொஞ்சம் தூவினால் மெழுகுத்தன்மை சற்று மறையும், அது மருந்து இல்லை, மறைப்புத்தான்.

அப்படியானால் எடிட்டிங்கிலேயே மென்மையாக்குவது மேலா?

மேல், நேரம் இருந்தால். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே 'மிட்டோன் டீட்டெயில்' என்று ஒன்று இருக்கிறது, அதை மைனஸ் பக்கம் நகர்த்தினால் நடுத்தர வெளிச்சத்தில் உள்ள விவரங்கள் அடங்கும். அப்படியே மொத்தப் படத்துக்கும் போடாமல், குவாலிஃபையரால் சரும நிறத்தைப் பிடித்து, முகத்தைச் சுற்றி ஒரு விண்டோ போட்டு, டிராக் செய்துவிட்டு நகர்த்துங்கள். விண்டோ இருப்பதால் முன்னே சொன்ன தேக்குக் கதவுப் பிரச்சினை இங்கே வராது. காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் 'ஃபேஸ் ரிஃபைன்மென்ட்', 'பியூட்டி' என்று தனித்தனி எஃபெக்ட்டுகளே உண்டு, கண்ணுக்குக் கீழ் கருவளையம், பளபளப்பு எல்லாவற்றுக்கும் தனிக் குமிழ். வேலை சுலபம், கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறும்.

பெரிய லாபம் என்னவென்றால், க்ளோசப்புக்கு அதிகமாக, மிட் ஷாட்டுக்குக் குறைவாக, தூர ஷாட்டுக்கு ஒன்றுமே இல்லாமல் என்று ஷாட்டுக்கு ஷாட் மாற்றலாம். பிடிக்கவில்லை என்றால் எடுத்தும்விடலாம். கேமராவுக்கு இந்தப் பக்குவம் கிடையாது.

ஆனால் ஐந்து மணி நேரக் கல்யாண ஃபுட்டேஜ் முழுக்க இப்படி உட்கார்ந்து செய்ய யாராலும் முடியாது. ஹைலைட்ஸுக்குச் செய்யுங்கள், முழு வீடியோவை விட்டுவிடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

எஸ்-லாக்கில் எடுக்கும்போது மெனு சாம்பல் நிறத்தில் நிற்கிறது. கேமரா பழுதா?

இல்லை. ரா (பதப்படுத்தாத பதிவு), லாக் (எடிட்டில் நிறம் சேர்க்கவென்று வெளிறலாக எடுக்கும் முறை, சோனியில் எஸ்-லாக்), அதிவேக ஃப்ரேம் ரேட் இவற்றில் எதையாவது போட்டால் பல மாடல்களில் இந்த செட்டிங் கிடைக்காது. எதில் கிடைக்கும் எதில் கிடைக்காது என்பது மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மாடலின் ஹெல்ப் கைடில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள். லாக்கில் எடுக்கிறவர் எப்படியும் எடிட்டில் உட்காரப் போகிறவர்தானே, அவருக்கு இது தேவையும் இல்லை.

'தம்பி, முகம் கொஞ்சம் பளிச்சுனு வரட்டும்' என்கிறார்கள். இந்த செட்டிங் போட்டால் வருமா?

பெண்ணின் அம்மாவோ அத்தையோ இதைச் சொல்லாத கல்யாணம் கிடையாது. அவர்கள் கேட்பது மூன்றில் ஒன்று: முகம் இருட்டாக இருக்கக் கூடாது, பரு தெரியக் கூடாது, அல்லது நிறம் வெளுப்பாக வேண்டும். முதல் இரண்டும் நம் வேலை. மூன்றாவதைக் காதில் வாங்காதது மாதிரி நடந்துகொள்வது என் வழக்கம்.

சாஃப்ட்னிங் நிறத்தை மாற்றுவதற்கான கருவி இல்லை, ஆனால் போன்களிலும் சில ஆப்களிலும் 'பியூட்டி' மோடுக்குள் வெளுப்பாக்குவதையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். அதனால்தான் இரண்டும் ஒன்று என்ற நினைப்பு. மாநிறமான, கறுப்பான முகம் மேடையில் மங்கலாக வருவதற்கு வேறு காரணம் இருக்கிறது. பின்னால் எல்இடி சுவர் அல்லது வெள்ளைப் பூ அலங்காரம், பக்கத்தில் வெள்ளைப் பட்டு வேட்டி. ஆட்டோ எக்ஸ்போஷர் அவற்றைப் பார்த்து மொத்தப் படத்தையும் இறக்கிவிடும், முகம் பள்ளத்துக்குப் போய்விடும். அதை எடிட்டில் தூக்கினால் இரைச்சல் (படத்தில் பொடிப் புள்ளிகள்) வரும், இரைச்சலைக் குறைத்தால் முகம் களிம்பு பூசியது மாதிரி ஆகும். மேனுவலில் முகத்துக்கு எக்ஸ்போஸ் செய்யுங்கள், பின்னணி கொஞ்சம் வெளிறினால் வெளிறட்டும்.

அதற்காக ஸீப்ராவை (வெளிச்சம் குறித்த அளவை எட்டிய இடத்தில் கோடு போட்டுக் காட்டும் வசதி) எழுபதில் வைத்து, முகத்தில் கோடு வரும்வரை ஏற்றவும் கூடாது. அந்த எழுபது என்கிற கணக்கு வெள்ளைக்காரச் சருமத்தை வைத்து வந்தது. ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான், லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் கொடுத்த ஷெர்லி கார்டுகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைப் பெண்களின் படமே இருந்தது. நம் ஊர் மாநிறத்துக்கு ஐம்பதை ஒட்டி, அதைவிடக் கறுப்பானவர்களுக்கு இன்னும் கீழே நின்றாலே முகம் ஜம்மென்று இருக்கும். அதோடு, கறுப்புச் சருமத்தில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல் விழும் ஒளியின் மினுமினுப்புத்தான். சாஃப்ட்னிங்கை ஏற்றினால் முதலில் சாவது அதுதான். கன்ன எலும்பும் மூக்கின் மேட்டுக் கோடும் போய், முகம் தட்டையாக ஒரே நிறத் திட்டாகிவிடும்.

வியர்வையும் எண்ணெய் வழிவதும் இதில் போகுமா?

போகாது. பளபளப்பு என்பது பெரிய வெள்ளைத் திட்டு, சாஃப்ட்னிங் அடக்குவது சின்னப் புள்ளிகளை. டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், காம்பேக்ட் பவுடர் வைத்திருங்கள், ஹோமப் புகைக்கு முன்னாலேயே ஒரு டச்சப் செய்யச் சொல்லுங்கள். போலரைசர் ஃபில்டர் போட்டுத் திருப்பினால் சருமப் பளபளப்பு நன்றாகக் குறையும், ஆனால் ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தை விழுங்கிவிடும். மண்டபத்துக்கு ஒத்துவராது, வெளியில் எடுக்கும் பேட்டிக்குப் பார்க்கலாம். முழுக்கத் திருப்பிப் பளபளப்பைச் சுத்தமாக எடுத்துவிடாதீர்கள், ஆள் ஜுரத்தில் கிடந்து எழுந்தவர் மாதிரி இருப்பார்.

லைட்டை மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

மெனுவில் உள்ள எல்லா செட்டிங்கும் சேர்ந்து செய்வதைவிட அதிகமாகத் தெரியும். துளையும் சுருக்கமும் நமக்குத் தெரிவது அவற்றின் குட்டி நிழலால்தான். லைட் பக்கவாட்டில் இருந்தால் நிழல் நீளும், சின்ன லைட்டாக இருந்தால் நிழலின் ஓரம் கூர்மையாகும். இரண்டுக்கும் எதிராகச் செய்யுங்கள்: லைட்டைப் பெரிதாக்குங்கள், கேமராவின் திசைக்குக் கொஞ்சம் நெருக்கிக் கொண்டுவாருங்கள். பேட்டி என்றால் மூன்று நான்கு அடி சாஃப்ட்பாக்ஸை ஃப்ரேமுக்கு வெளியே எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். அதே சாஃப்ட்பாக்ஸ் பத்தடி தள்ளிப் போனால் முகத்தின் கணக்கில் அது சின்ன லைட்தான், வீண். கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்கினால் மடியில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் போதும், நிழல் நிரம்பிவிடும்.

மண்டபத்தில் லைட்மேன் ஒரு கையில் எல்இடியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார் அல்லவா, அதற்கு முன்னால் ஒரு டிஃப்யூஷன் துணி மாட்டச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. தலைக்கு மேல் நேராகப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

புரோ-மிஸ்ட் மாதிரி ஃபில்டர்?

லென்ஸ் முன் டிஃப்யூஷன் வைப்பது சினிமாவில் ரொம்பப் பழைய வேலை. நடிகைகளின் க்ளோசப்புக்காக மெல்லிய வலைத்துணி, பட்டு ஸ்டாக்கிங் எல்லாம் லென்ஸில் மாட்டியிருக்கிறார்கள். டிஃபனின் பிளாக் புரோ-மிஸ்ட் 1/8 அல்லது 1/4 இன்றைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. இது முகம் எது என்று தேடாது, படம் முழுக்க ஒரே மாதிரி வேலை செய்யும், அதனால் துடிப்புப் பிரச்சினை கிடையாது. குத்துவிளக்கின் சுடர், சீரியல் பல்ப் எல்லாவற்றையும் சுற்றி ஒரு ஒளிவட்டம் வரும். அது உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. எல்இடி சுவருக்கு எதிரில் இதைப் போட்டால் படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். இதையும் எடிட்டில் கழற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

வயதானவர்களைப் பேட்டி எடுக்கும்போது?

ஆஃப். ஒரு நாதஸ்வர வித்வானையோ நெசவாளரையோ உட்காரவைத்துப் பேட்டி எடுக்கிறீர்கள் என்றால் அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். அவரே சங்கடப்பட்டுக் கேட்டால் தவிர வேறு எதற்காகவும் தொடாதீர்கள். கேட்டால், லைட்டைக் கேமராப் பக்கம் கொண்டுவந்து நிழலைக் குறையுங்கள். அவருக்கும் திருப்தி, முகமும் முகமாகவே இருக்கும்.

நான் எதையும் ஆன் செய்யவில்லை, ஆனாலும் போனில் முகம் வழவழவென்று வருகிறதே?

போனில் சென்சார் சின்னது, வெளிச்சம் குறைந்தால் இரைச்சல் வரும், அதை அழிக்கும்போது சருமத்தின் தன்மையும் சேர்ந்து அழியும். பியூட்டி மோடு ஆஃபில் இருந்தாலும் இது நடக்கும். 2018-இல் ஐபோன் எக்ஸ்எஸ் வந்தபோது முன்பக்கக் கேமராவில் எடுத்த படங்களில் எல்லாருடைய முகமும் மெழுகாகத் தெரிகிறது என்று 'பியூட்டிகேட்' என்ற பெயரில் பெரிய சத்தம் கிளம்பியது. உள்ளே பியூட்டி ஃபில்டர் எதுவும் இல்லை. ஸ்மார்ட் எச்டிஆர் பல ஃப்ரேம்களைச் சேர்க்கும்போது கூர்மை குறைந்த ஃப்ரேமை அடிப்படையாக எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று சொல்லி, ஆப்பிள் ஐஓஎஸ் 12.1-இல் அதைச் சரிசெய்தது.

பெரிய கேமராவிலும் ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு) ஏற ஏற இதே கதைதான். அதனால் சாஃப்ட்னிங்கைக் குறை சொல்வதற்கு முன் ஐஎஸ்ஓ எத்தனையில் இருந்தது என்று பாருங்கள்.

நான் கொடுத்த வீடியோ நன்றாக இருந்தது, வாட்ஸ்அப்பில் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கிறதே?

அடுக்கடுக்காக மழுங்குகிறது. கேமராவின் இரைச்சல் நீக்கம் ஒரு அடுக்கு, சாஃப்ட்னிங் இரண்டாவது, எச்.264 கம்ப்ரெஷன் மூன்றாவது, வாட்ஸ்அப் இன்னொரு முறை நசுக்குவது நான்காவது. கம்ப்ரெஷனுக்கு இடம் போதவில்லை என்றால் அது முதலில் தூக்கிப் போடுவது சருமத்தின் நுண்விவரத்தைத்தான். ஏற்கனவே வழவழப்பாக்கிய கன்னத்தில் 8 பிட் வீடியோவாக இருந்தால் நிறம் படிப்படியாக மாறாமல் பட்டைபட்டையாக உடைவதும் உண்டு. 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 10 பிட்டில் 1,024.

வீடியோவைப் போடுகிற தளத்திலேயும் இது நடக்கலாம். 2025-இல் யூடியூப் சில ஷார்ட்ஸ் வீடியோக்களில் மங்கலையும் இரைச்சலையும் நீக்கும் சோதனையை, போட்டவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமலே செய்து, என் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டது. உங்கள் வீடியோ கடைசியில் ரீல்ஸாகவும் ஸ்டேட்டஸாகவும்தான் பார்க்கப்படப் போகிறது என்றால் கேமராவில் மென்மையாக்கவே தேவையில்லை, மற்றவர்கள் இலவசமாகச் செய்து தருவார்கள்.

இரண்டு கேமரா, இரண்டு கம்பெனி. என்ன செய்வது?

இரண்டிலும் ஆஃப். ஒரு கம்பெனியின் லோ இன்னொரு கம்பெனியின் லோ இல்லை. கட் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளுக்கு இரண்டு முகம் வரும்.

லைவ் ஸ்ட்ரீமிங்?

இங்கேதான் இந்த செட்டிங்குக்கு நியாயம் இருக்கிறது. எடிட் செய்ய வாய்ப்பே இல்லை, பேசுகிறவர் கேமராவைப் பார்த்து நேராக உட்கார்ந்திருக்கிறார், ஒரே முகம், ஒரே லைட். ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள், சேலை விற்பவர்கள், ராசிபலன் சொல்பவர்கள் எல்லாரும் தாராளமாக லோவில் வைத்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை, சேலையையோ நகையையோ முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டும்போது முகம் மறைந்து திரும்பி வரும், அப்போது பழைய துடிப்பு வரும். பொருளை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கப் பழகுங்கள்.

எடுக்கப்படுகிறவரிடம் சொல்ல வேண்டுமா? விளம்பரத்தில் சட்டச் சிக்கல் வருமா?

சொல்லிவிடுவது நல்லது, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு நிமிடம் எடுத்துக் காட்டுங்கள், எது வேண்டும் என்று அவர் சொல்லட்டும். தன் மச்சத்தையோ தழும்பையோ கேட்காமல் அழித்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கோபம்.

விளம்பரம் வேறு விஷயம். முகக்கிரீம், ஃபவுண்டேஷன் மாதிரி சருமப் பொருளுக்கு வீடியோ எடுக்கும்போது இதை ஆன் செய்தால், அந்தப் பொருள் செய்யாததை அது செய்தது மாதிரி காட்டுகிறீர்கள். பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பான ஏஎஸ்ஏ, அழகுசாதனப் பொருளின் பலனை மிகைப்படுத்தும் ஃபில்டர்களை இன்ஃப்ளூயன்சர்கள் போடக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பே சொன்னது. நார்வேயில் 2022 ஜூலை 1 முதல், விளம்பரத்தில் உடலின் வடிவத்தையோ சருமத்தையோ திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் ஊரில் என்ன ஆனாலும், பிராண்டுக்காரர் கேட்டால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிரச்சினை வந்தால் 'வீடியோகிராஃபர்தான் செய்தார்' என்று கை காட்டுவார்கள்.

எனக்கு எந்த நிலை சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் ஒருவரை ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் அவரை ஒருமுறை பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள், ஒருமுறை கையால் முகத்தைத் துடைக்கச் சொல்லுங்கள், ஒருமுறை சிரிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே வரிசையை மண்டப லைட் மாதிரி ஒரு எல்இடி வைத்து இரவில் எடுங்கள். டிவியில் போட்டுப் பாருங்கள், நிறுத்தி நிறுத்திப் பார்க்காமல் ஓடவிட்டே பாருங்கள். திரும்பும்போது கன்னம் துடித்தாலோ, சிரிக்கும்போது கண்ணோரச் சுருக்கம் பாதி வந்து பாதி காணாமல் போனாலோ, அந்த நிலை உங்களுக்கு வேண்டாம்.

புது கேமரா வாங்கப் போகிறேன். இந்த வசதி உள்ளதாகப் பார்க்கட்டுமா?

லைவ் மட்டுமே உங்கள் தொழில் என்றால் பாருங்கள். மற்றபடி இதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல எல்இடியும் பெரிய சாஃப்ட்பாக்ஸும் வரும், கேமராவை மாற்றினாலும் அவை கூடவே இருக்கும்.